சொன்னபடி கேட்காத சிப்பாய்

"புது டீவி, பத்திரம்! போன வாரம் கார் ரேஸ்ல தோத்த கோபத்துல கன்ட்ரோலரை விட்டெறிஞ்சுதானே பழசை உடைச்சீங்க?" என்றாள் மனைவி. சோபாவுக்குப் பின்னால், மடியில் துணிக் குவியலோடு உட்கார்ந்திருந்தாள்.

"இது போர் விளையாட்டு. உனக்கெல்லாம் புரியாது, துணியை மடி."

அவர் பத்திரிகைக்கு வீடியோ கேம் விமர்சனம் எழுதுகிறவர். மாலைக்குள் கட்டுரை போயாக வேண்டும்.

திரையில் சிப்பாய் ஓடினான், பதுங்கினான், சுட்டான்.

"பார்த்தியா? ஒரு குண்டுகூட என் மேல படலை!"

"பின்றீங்க!"

"ஆனா ஒண்ணு. நான் இடது பக்கம் திருப்பினா இவன் வலது பக்கம் போறான். போய்ப் பார்த்தா அங்கதான் எதிரி ஒளிஞ்சிருக்கான்!"

"கெட்டிக்காரன்தாங்க."

ஒரு மணி நேரத்தில் எதிரியின் கோட்டை விழுந்தது. அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுதினார்: 'முதல் பார்வையிலேயே அசத்துகிறது. இந்தச் சிப்பாய் நாம் சொல்வதைக் கேட்பதே இல்லை. தானாக யோசித்து நம்மை ஜெயிக்க வைக்கிறான்!'

கட்டுரையை அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஒரு மணி நேரமாக ஒன்றுகூட மடிக்கப்படாத துணிகளுக்கு அடியிலிருந்து மனைவி இன்னொரு கன்ட்ரோலரை வெளியே எடுத்தாள். காலையில் அவருடைய கன்ட்ரோலரிலிருந்து கழற்றி வைத்த பேட்டரிகளைத் திரும்பப் போட்டாள்.

குளியலறையிலிருந்து குரல் வந்தது. "நாளைக்கு இதோட ரெண்டாம் பாகம் ஆடணும்!"

"சரிங்க. நாளைக்கும் துணி துவைச்சு வைக்கிறேன்."