முட்டுச்சந்தின் சாமி

நகரம் வயல் வயலாக மனை போட்டுக்கொண்டே வந்தபோது பிறந்த முட்டுச்சந்து அது. அதன் கடைசியில் ஒரு மதில். யாரும் ஒன்றுக்கு ஒதுங்கிவிடக் கூடாதென்று அதில் சாமிப்படம் போட்ட டைல்ஸ் பதித்திருந்தார்கள். வருகிற ஆட்டோவெல்லாம் மதில்வரை வந்து, நின்று, வளைந்து திரும்பிப் போகும். கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள் என்று சந்து நம்பியது. உலகமே தன்னிடம் வந்து முடிவதில் அதற்கு ஏகப் பெருமை.

ஒரு மழையில் மதில் சரிந்தது. அந்தப் பக்கமும் ஒரு சந்து படுத்திருந்தது.

"நீ யாருப்பா?" என்றது இது.

"நானும் உன்னை மாதிரிதான். என் பக்கமும் சாமிப்படம் இருந்துச்சு. எல்லாரும் கும்பிட்டுட்டுத் திரும்புவாங்க."

தினமும் ஊரைச் சுற்றிப் பள்ளிக்கூடம் போகிற பெண் ஒருத்தி சைக்கிளில் வந்தாள். இடிந்த கல்லுக்கு மேலே சைக்கிளைத் தூக்கி வைத்து, அந்தப் பக்கம் ஏறி மிதித்தாள். வளைந்து வருவாள் என்று சந்து காத்திருந்தது. அவள் வரவில்லை.

சந்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "அப்போ நான் எங்கேதான் முடியறேன்?"

"தெரியலையே. எனக்கு அடுத்த தெருவைக் கேட்டுச் சொல்றேன்."

அந்தத் தெரு தனக்கு அடுத்த தெருவைக் கேட்டது. கேள்வி இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது.