நடுத்தூண்

"முதல் ஸ்லைடுல இருந்த என் பேரை எடுத்துட்டு அவர் பேரைப் போட்டுக்கிட்டார்க்கா!"

பக்கத்து சீட் அக்கா நாற்காலியோடு உருண்டு வந்தாள். "யாரு, நம்ம சிடுமூஞ்சியா?"

"வேற யாரு, டீம் லீடர்தான். மூணு வாரம் மண்டையை உடைச்சு நான் எழுதின புரோகிராம். அடிப்புள்ளி, உச்சிப்புள்ளி, ஆரம் மூணையும் கொடுத்தா போதும், எந்தப் பக்கம் சாய்ஞ்ச உருளையா இருந்தாலும் முப்பரிமாணத்துல வரைஞ்சிடும். இன்னைக்கு டெமோவை வெச்சுத்தான் என்னை வேலையில நிரந்தரம் பண்றதா, வீட்டுக்கு அனுப்பறதான்னு முடிவு பண்ணப் போறாங்க. இந்த நேரத்துல இப்படிப் பண்ணலாமா?"

"சும்மா விடாதே. மேனேஜருக்கு ஒரு மெயில் தட்டு."

புரோகிராம் எழுதத்தான் மூன்று வாரம். மெயிலுக்கு மூன்று நிமிடமே அதிகம். 'முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நான் எழுதியது. டீம் லீடரின் சுண்டுவிரல்கூட இதில் படவில்லை.'

அனுப்பிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தாள்.

டெமோவுக்குக் கட்டடக் கம்பெனி இன்ஜினீயர் வந்திருந்தார். அவர் கட்டப்போகும் மண்டபத்துக்குப் பன்னிரண்டு தூண்கள். திரையில் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு பக்கம் சாய்ந்தபடி எழுந்தன. சிடுமூஞ்சி விளக்க விளக்க, அவளுக்கு வயிறு எரிந்தது.

"பிரமாதம்," என்றார் இன்ஜினீயர். "பதினொண்ணு வந்திருச்சு. நடுவுல ஒண்ணு நேரா நிக்கணுமே, அது எங்கே?"

நடுவில் வெறும் தரைதான் இருந்தது.

எங்கே தப்பு என்று அவளுக்கு உடனே புரிந்தது. தூணின் திசையை மேல்நோக்கிய திசையோடு குறுக்குப் பெருக்கல் செய்துதான் வட்டத்தைத் திருப்பியிருந்தாள். தூணே மேல்நோக்கி நின்றால் இரண்டும் ஒரே திசை; விடை பூஜ்யம், தூணே வராது. சாய்ந்த தூண்களை நூறு முறை சோதித்தவள், நேரான தூணை ஒரு முறைகூடச் சோதிக்கவில்லை.

இன்ஜினீயர் கைகுலுக்காமல் கிளம்பிப் போனார். மேனேஜர் கதவைச் சாத்தினார்.

"யார் பண்ணின வேலை இது? இன்னையோட வீட்டுக்கு அனுப்பிடறேன்."

"என் வேலைதான் சார்," என்றார் சிடுமூஞ்சி.

"டெமோவுக்கு முன்னாடி பார்க்க மாட்டீங்களா?"

"காலையில பார்த்துட்டுத்தான் ஒருநாள் தள்ளி வைக்கலாமான்னு கேட்டேன். முடியாது, டெமோவுக்காகப் பூட்டின புரோகிராமை யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டீங்க. திட்டணும்னா என்னைத் திட்டுங்க சார். பன்னிரண்டு வருஷமா வாங்கறேன், பழகிப் போச்சு."

புரோகிராமைத்தான் தொடக் கூடாது. முதல் ஸ்லைடைத் தொடலாம். காலையில் அவர் செய்தது என்ன என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் தலை தாழ்ந்தது.

மேனேஜர் எதற்கோ போனை எடுத்தவர், நெற்றியைச் சுருக்கினார். மெயிலை ஒரு முறை படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, வரிக்கு வரி நீங்கதான் எழுதினதா இதுல இருக்கே?"

அறையே அவள் பக்கம் திரும்பியது. சிடுமூஞ்சி மட்டும் தரையைப் பார்த்தார்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அது ஏதோ பொறாமையில அனுப்பிட்டேன் சார். அதுல என் சுண்டுவிரல்கூடப் படலை."