இடம் பத்தாத கார்

இரண்டு கை மாறி வந்த சொகுசு கார் ஒன்றை மாசிலாமணி ஆசை ஆசையாய் வாங்கினார். பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழித்த மறுவாரமே அது படுத்துவிட்டது. அன்றிலிருந்து அவருடைய பழைய ஸ்கூட்டருக்கு ஓய்வே இல்லை. காருக்கு வேண்டிய ஸ்பேர் பார்ட்ஸ் தேடி அதுதான் கடை கடையாய் அலைந்தது.

"சேத்தோட வந்து என்மேல உரசாதே. தள்ளி நில்லு," என்று தினமும் சொல்லும் கார். ஸ்கூட்டரும் தள்ளி நிற்கும்.

ஒருநாள் அப்படி அலைந்துவிட்டு மாசிலாமணி ஒரு டீக்கடையில் ஸ்கூட்டரை நிறுத்தினார். விரலில் கார் சாவி சுழன்றது.

"என்னண்ணே, கார்ல வரலையா?" என்றார் கடைக்காரர்.

"அதை இங்க எங்கப்பா நிறுத்துறது? இடம் பத்தாதே!"

ஸ்கூட்டர் சுற்றிலும் பார்த்தது. கடைக்கு முன்னால் பத்து லாரி நிற்கலாம்.

ஸ்கூட்டர் வீடு திரும்பியதும் கார் பயந்துகொண்டே கேட்டது. "என்னை விக்கிறதாப் பேச்சு ஏதும் அடிபட்டுதா?"

"சேச்சே! உன்னை நிறுத்த இடம் பத்தாதுன்னுதான் சொன்னாரு."

கார் நிம்மதியாய் மூச்சு விட்டது.

"பாத்தியா? நீ இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லு."