சொல்லிப் பார்க்கிறேன்

“கதவைச் சாத்திட்டு வா கர்ட்டிஸ். அஞ்சு நிமிஷம் நீ நோயாளியா நடிக்கணும்.”

“அழணுமா, இல்லே சும்மா முனகினாப் போதுமா?” என்றபடி கர்ட்டிஸ் மூன்றாம் அறையின் நோயாளி நாற்காலியில் ஏறிச் சாய்ந்துகொண்டான்.

“வாயை மூடிக்கிட்டு நான் சொல்றதைக் கேட்டாப் போதும்.”

“வாய்க்கு வைத்தியம் படிக்க வந்தவ, நோயாளியை வாயை மூடச் சொல்றா. விளங்கிடும்!”

மார்னிக்குச் சிரிப்பு வரவில்லை. சக்கர ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

இருவரும் பல் டாக்டர்கள். மினியாபோலிஸின் அந்த ஆஸ்பத்திரியில் பல்லை விட்டுவிட்டு நாக்கு, உதடு, கன்னத்தின் உட்புறம் என்று வாய்க்குள் வரும் நோய்களைப் படிக்கிற மேற்படிப்பில் இரண்டாம் வருடம். அவள் கல்லூரியிலிருந்து நேரே வந்தவள். அவனோ வடக்கே ஒரு சின்ன ஊரில் எட்டு வருடம் பல் பிடுங்கிக்கொண்டிருந்துவிட்டு, கடையைக் கட்டிக்கொண்டு மனைவி லினெட்டோடு இங்கே வந்தவன்.

“காலைல ஒரு ரிப்போர்ட் வந்திருக்கு. நாக்குல புற்று. நான்தான் சொல்லணுமாம். இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை. உன்கிட்ட ஒரு தரம் சொல்லிப் பார்க்கிறேன்.”

“சரி, ஆரம்பி.”

யாருக்கு என்று அவன் கேட்காதது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஏனென்றால் அந்த ரிப்போர்ட்டில் இருந்த பெயர் கர்ட்டிஸ் ஆம்டால்.

மாணவர்கள் பயிற்சிக்காக ஒருவர் வாயை ஒருவர் பார்ப்பது அங்கே வழக்கம். போன மாதம் அவன் நாக்கின் இடது ஓரத்தில் சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டைப் பார்த்தாள். ‘கடிச்சிருப்பேன், விடு’ என்றான். அவள் விடவில்லை. மூன்று வாரம் ஆகியும் அது போகவில்லை. போன செவ்வாய்க்கிழமை மரத்துப்போக ஊசி போட்டு, துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள்.

‘நீ கண்டுபிடிச்சே, நீ எடுத்தே. நீயே சொல்லிடு’ என்று துறைத் தலைவி டாக்டர் ரோவீனா சொல்லிவிட்டார். முகத்துக்கு நேரே சொல்ல மார்னிக்குத் தைரியம் வரவில்லை. நடிப்பென்று ஆரம்பித்தால் பாதி வழியில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டாள். “உங்க நாக்குல எடுத்த சதையில சின்னதா ஒரு பிரச்சினை...”

“நிறுத்து. சின்னப் பிரச்சினைன்னா மருந்து தடவினாப் போயிடும்னு நினைச்சுப்பாங்க. நோயோட பேரைச் சொல்லு.”

“அது வந்து... புற்றுநோய்.”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இப்போ பேசாதே. அழுவாங்க. அழட்டும். நீ ஜன்னலைப் பார்க்காதே, அவங்களைப் பாரு.”

ஜன்னலுக்கு வெளியே பொழிந்துகொண்டிருந்த பனியிலிருந்து கண்ணைத் திருப்பி, அவனைப் பார்த்தாள். அவன் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது.

“அடுத்து, பேச்சு போயிடுமான்னு கேட்பாங்க.”

“போகாது. ரொம்ப ஆரம்ப நிலை. ஓரத்துல கொஞ்சம் வெட்டி எடுப்பாங்க. சில வாரம் வார்த்தை குழறும். அப்புறம் சரியாயிடும்.”

“பிழைச்சுக்குவாரான்னு கேட்டா?”

“இந்த நிலையில கண்டுபிடிச்சா பத்துல எட்டுப் பேருக்கு மேலே...”

“எண்ணிக்கையே வேண்டாம். மிச்சம் ரெண்டு பேர்தான் காதுல விழும். நீ என்ன நம்புறே, அதைச் சொல்லு.”

“நல்லாயிடும்னு நம்புறேன்.” அவள் குரல் பிசிறியது. “நிஜமாவே நம்புறேன் கர்ட்டிஸ்.”

“நோயாளி பேரு கர்ட்டிஸா? கவனமா இரும்மா. சரி, முதல்லேர்ந்து இன்னொரு தரம்.”

இரண்டாம் தரம் ‘வெட்டி எடுப்பாங்க’ என்ற இடத்தில் தடுமாறினாள். “மெதுவா. அவசரமே இல்லை” என்றான். மூன்றாம் தரம் தடங்கல் இல்லாமல் வந்தது. தன் குரல் இவ்வளவு நிதானமாக ஒலிக்கும் என்று அவளே நினைத்ததில்லை.

“அவ்வளவுதான். பிரமாதம்” என்று அவன் கீழே இறங்கினான்.

அவள் எழுந்து கதவை மறித்துக்கொண்டாள். “இரு. இது நடிப்பில்லை. அந்த ரிப்போர்ட்டு யாரோடதுன்னா...”

“தெரியும் மார்னி” என்றான் கர்ட்டிஸ் அமைதியாக. “உன் கம்ப்யூட்டருக்கு வந்த அதே நிமிஷம் என் போனுக்கும் வந்துடுச்சு. ரிப்போர்ட்டை நோயாளிக்கும் நேரே அனுப்பிடுவாங்க, மறந்துட்டியா? லினெட்கிட்ட சொல்லத்தான் எனக்கு வாய் வரலை. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வர்றியா? இப்போ சொன்னதை அப்படியே அவகிட்ட சொல்லிடு.”