கண்ட்ரோல், கூட்டல் குறி

“என்டர் அடிக்கா. எல்லாம் ஒண்ணுதான்.”

“ஒண்ணுன்னா எதுக்குல மூணு வரி போட்டிருக்கான்? வாசி.”

“வாசிக்கதுக்கு எனக்குத் தமிழ் தெரியணும்லா.”

அது உண்மைதான். நான் எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தம்பி ரிஜினை ஏலப்பாறையில் மலையாளம் மீடியத்தில் சேர்த்தார்கள். தமிழில் சண்டை போடுவான். தமிழ் எழுத்தைக் காட்டினால் விலகிக்கொள்வான்.

எனக்கு எழுத்து தெரியும். கண்தான் போதாது. திரையில் மூக்கை ஒட்டினால் சாம்பல் நிறத்தில் எறும்பு ஊர்வது போல ஏதோ இருக்கும். அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. எழுத்தைப் பெருக்கிக் காட்டும், வாசித்தும் சொல்லும். ஆனால் அதை ஓட்டுகிற பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டம் நேற்றோடு படுத்துவிட்டது. புதிதாக ஒன்றை ஏற்றும்போது இந்த வசதியெல்லாம் இன்னும் பிறந்திருக்காது. கண்ணாடி வாங்கப் போகிறவளிடம் கண்ணாடி போட்டுக்கொண்டு வா என்பது போல.

டிஸ்க்குக்குள்ளே மனு இருக்கிறது. எஸ்டேட் லயங்களில் மழைக்கு ஒழுகுகிற நூற்றுப் பன்னிரண்டு வீடுகள், வீட்டுக்கு ஒரு பக்கம். ஒவ்வொருவரையும் உட்கார்த்திவைத்துக் கேட்டு நான் அடித்தது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்க வேண்டும். வேறு நகல் கிடையாது.

அந்த மூன்று வரிகளில் ஒன்று அதைப் பத்திரமாக விட்டுவைக்கும். ஒன்று மொத்தமாகத் துடைத்துவிடும். மற்றது எதற்கென்று எனக்கே தெரியாது.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மொழி கேட்ட இடத்தில் அவனுக்காக மலையாளம் கொடுத்தேன். பத்து நிமிடம் கழித்து அதே மூன்று வரிகள்.

“இப்ப வாசி.”

குனிந்தான். கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தான்.

“இது நம்ம மலையாளம் இல்லக்கா. ஏதோ கம்ப்யூட்டர் மலையாளம்.”

“எழுத்து அதே எழுத்துதானல?”

“ரெண்டாவது வரிதான். உள்ள உள்ளது அப்படியே இருக்கும்னு போட்டிருக்கு. அடி. எனக்கு டிரிப்புக்கு நேரமாச்சு.”

“வார்த்தை வார்த்தையாச் சொல்லு.”

“சந்தேகம்தான் உனக்கு வியாதி. கண்ணு இல்ல.”

கண் தெரிகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான். மருந்துச் சீட்டை நீட்டினால் சாதாரண மாத்திரை என்பார்கள். பஸ் போர்டைக் கேட்டால் உங்கள் பஸ் இல்லை என்பார்கள். வாசிக்கச் சொன்னால் சுருக்கிச் சொல்வார்கள். சுருக்கியதில் என்ன விழுந்துபோயிற்று என்று எனக்கு ஒருநாளும் தெரியாது.

என்டர் மேல் வைத்த விரலை எடுத்துவிட்டேன்.

கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கும் கோபிநாத்துக்கு போன் போட்டேன். அவருக்கும் என்னைப் போன்ற கண்தான்.

“மொதல்ல வர்ற மெனுவுலயே கறுப்புத் திரைன்னு ஒண்ணு இருக்குதுங்க. கீழ எறங்கிப் போயி அதை எடுங்க. அப்பறம் கண்ட்ரோலும் கூட்டல் குறியும் சேர்த்து அமுக்குங்க, எழுத்து வளரும்” என்றார். “எனக்கும் ரெண்டு வருசமா யாரும் சொல்லலீங்க.”

மூன்றாவது முறையாகத் தொடங்கினேன். ரிஜின் எனக்குக் கேட்கும்படி பெருமூச்சு விட்டான். விடட்டும். அவன் சொன்ன வரியை நானே பார்க்க, மறுபடியும் மலையாளமே கொடுத்தேன். எனக்கும் எழுத்துக் கூட்டத் தெரியும்.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் அதே மூன்று வரிகள்.

கண்ட்ரோல், கூட்டல். எறும்புகள் எழுந்து நின்றன. இன்னொரு முறை. இன்னும் இரண்டு முறை. ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலத்துக்கு வந்தது.

இரண்டாவது வரியைக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். டிஸ்க் முழுவதையும் மாய்த்துவிடச் சொல்கிற வரி.

“இதையால அடிக்கச் சொன்ன? நூத்திப் பன்னெண்டு வீடு போயிருக்கும்.”

நான் மூன்றாவது வரியின் முதல் எழுத்தில் நிற்கும்போதே, அவன் என் தோளுக்குப் பின்னாலிருந்து அதை முழுக்க வாசித்துவிட்டான். உள்ளவை அப்படியே இருக்கும், காலியிடத்தில் மட்டும் ஏற்றப்படும். தடங்கலே இல்லை. அதே கம்ப்யூட்டர் மலையாளம்.

பிறகு கண்ட்ரோல், கழித்தல். ஒரு முறை. இரண்டு முறை.

“இப்ப வாசி.”

அவன் வாசிக்கவில்லை.

கண்ட்ரோல், கூட்டல். கூட்டல்.

வாசித்தான்.

“எப்போலருந்து?”

“போன மழைக்கு முன்னாடியே.”

வெளியே யாரோ ஹாரனை அமுக்கினார்கள். அவன் ஓட்டும் ஜீப்பில் தேயிலைக் கொளுந்தெடுக்கப் போகும் பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். முதல் சத்தத்துக்கு அவன் திரும்பவில்லை. இரண்டாவது சத்தத்துக்கும் திரும்பவில்லை.

நான் மூன்றாவது வரிக்குப் போய் என்டர் அடித்தேன். திரையின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு நகரத் தொடங்கியது.

“யக்கா, வெள்ளிக்கிழமை லைசன்ஸ் புதுக்கணும்” என்றான், மிகவும் தணிந்த குரலில். “கண் டாக்டர் சீட்டு வேணும். அவர் ரூம் சுவத்துல ஒரு எழுத்துப் பலகை இருக்குல்லா. முன்னால நிக்கிறவங்க வாசிக்கதைக் கேட்டுக் கேட்டே உனக்கு அது மனப்பாடம். மேல இருந்து கீழ வரைக்கும் எனக்கு ஒரு தடவை சொல்லித் தாயேன்.”