தாடிப் பாட்டு

“எங்க வீடியோ ஓடி முடியும்முன்ன உங்க தாடி கொட்டிரும், சார்” என்றாள் ஆதிரா.

வகுப்பே சிரித்தது. ஒருத்தி ஏமாற்றிவிட்டாள் என்று பேராசிரியர் சிவபிரசாத் இருபத்திரண்டு வருஷமாக வளர்க்கும் தாடி அது. நாலு குருவிக் குடும்பம் அதில் வாடகைக்கு இருக்கலாம். காதல் தோல்விப் பாட்டுக்கு வீடியோ எடுங்க, அதன் இலக்கணத்தை எங்கேயாவது மீறுங்க என்பது அவர் கொடுத்த வேலை.

“கொட்டலேன்னா சைபர் மார்க்கு. போடு, பாப்போம்.”

திரையில் எல்லாம் முறைப்படி வந்தது. திற்பரப்பு அருவி, மழை, தாடிக்காரப் பையன், பீர் பாட்டில். காதலி கல்ஃப் மாப்பிள்ளையின் காரில் ஏறிப் போனாள்.

“துரோகி!” என்று உச்சுக்கொட்டினார் சிவபிரசாத். “இதுல எதை மீறியிருக்கிய?”

கார் நின்றது. நடுவயதுப் பெண் ஒருத்தி இறங்கி, கேமராவை முறைத்துப் பாடினாள்:

“கோட்டாறு ஸ்டாப்புல மூணு வருஷம் நின்னீரு. வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டீரா? நீரு பஸ்ஸுக்கு நிக்கியருன்னுல்லா நெனச்சேன்!”

வகுப்பு விசிலடித்தது. சிவபிரசாத் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“இது... பகவதியில்லா?”

“எங்க அம்மை, சார். இந்த மாதிரிப் பாட்டுல பொண்ணுக்கு வாயே கெடையாதுல்லா? அதான் குடுத்தோம். உங்க தாடிக் கதையச் சொன்னதும் அவளே நடிக்க வந்துட்டா.”

மறுநாள் சிவபிரசாத் உரித்த நுங்குபோல வந்து நின்றார்.

“நீ சொன்னது சரிதான், மக்கா. அந்த பஸ்ஸு வரியிலேயே கொட்டிட்டு. வீட்ல பிளேடு வச்சது சும்மா சடங்குக்கு.”