ரோகிணியில் பாதி

மகளுக்கு ஜாதகம் எழுத வந்த பொன்னுரங்கம் ஜோசியர் பிறந்த நேரத்தைக் கேட்டார். நற்குணன் இரண்டு நேரங்களைச் சொன்னான்.

வயிற்றில் ஆறாம் மாதமாக இருக்கும்போதே குழந்தையின் முதுகெலும்பு நுனியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. டாக்டர்கள் அவளைப் பாதி வெளியே எடுத்து, கட்டியை வெட்டிவிட்டு, மறுபடி கருப்பைக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டார்கள். அவள் வெளியே இருந்தது பதினொரு நிமிடம்தான். அன்று ரோகிணி நட்சத்திரம். பதினாலு வாரம் கழித்து அவள் முழுசாகப் பிறந்தபோது மூலம்.

"மூலம் மாமனாருக்கு ஆகாதுன்னு பொண்ணெடுக்க யோசிப்பாங்க. ரோகிணியே போட்ருங்க. அன்னைக்கே பொறந்துட்டா, திரும்ப உள்ள போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வந்தா, அவ்வளவுதானே" என்றான் நற்குணன்.

"அன்னைக்கு எந்தப் பக்கம் வெளிய வந்துச்சு தம்பி?"

"இடுப்பும் காலும்."

"தல?"

"உள்ளதான் இருந்துச்சு."

"தல வெளிய வராம ஜாதகம் இல்ல." ஜோசியர் பேனாவை மூடினார்.

நற்குணன் விடவில்லை. "காலுக்கு ரோகிணி, தலைக்கு மூலம்னு எழுத முடியாதுங்களா?"

குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி யாழினி, இடுப்புக்குக் கீழே இருந்த சின்னத் தழும்பைத் தடவியபடியே நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு முழுசா வெளிய வந்தது அந்தக் கட்டி மட்டும்தான். ரோகிணிய அதுக்கே எழுதிக் குடுத்துருங்க ஜோசியரே. இவளுக்கு மூலமே இருக்கட்டும். உள்ள இருக்கும்போதே கட்டியோட மல்லுக்கட்டிட்டு வந்தவ. இனிமே பயப்படுறது மாமனார் பாடு."